அனோவா அட்டவணை கையில் இருக்கிறது, எந்தப் படம் வரைவது?

வேளாண் முதுகலை படிக்கும் ஒரு மாணவி கேட்ட கேள்வி இது. மூன்று ட்ரீட்மென்ட் (உரம்போல, ஒப்பிட்டுப் பார்க்கும் மூன்று கவனிப்பு முறைகள்), ஒவ்வொன்றிலும் பத்துச் செடி. செடிகளின் உலர் எடையை வைத்து அனோவா (அனாலிசிஸ் ஆஃப் வேரியன்ஸ்) போட்டாயிற்று. எஃப் மதிப்பு 5 சதவீத மட்டத்தில் சிக்னிஃபிகன்ட், அதாவது ட்ரீட்மென்டால் மாற்றமே இல்லை என்றால் இவ்வளவு பெரிய எஃப் தற்செயலாக வரும் வாய்ப்பு 5 சதவீதத்துக்கும் குறைவு. ஆய்வேட்டில் பார் சார்ட் வரைந்து, பட்டைகளுக்கு மேலே ஏ, பி என்று எழுத்துப் போட்டால் (பொது எழுத்து உள்ள குழுக்கள் தெளிவாக வேறுபடவில்லை என்று பொருள்) போதும் என்கிறார்கள். உண்மையிலேயே போதுமா, இதைவிட நல்ல படம் உண்டா?

போதாது. நல்ல படங்கள் உண்டு, வரைவதும் எளிது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். காரணம் புரிந்துவிட்டால் எந்தப் பரிசோதனைக்கு எந்தப் படம் என்று நீங்களே முடிவு செய்துகொள்வீர்கள்.

முதலில் அனோவா என்ன செய்கிறது என்று பார்ப்போம். பெயரிலேயே இருக்கிறது: மாறுபாட்டைப் பகுத்துப் பார்க்கிறது. இரண்டு சிதறல்களை அருகருகே வைக்கிறது. ஒன்று, குழுச் சராசரிகள் தங்களுக்குள் எவ்வளவு விலகி நிற்கின்றன என்பது. இன்னொன்று, ஒரே உரம், ஒரே தண்ணீர் பெற்ற செடிகளே தங்களுக்குள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பது. இரண்டாவது சிதறலுக்கு ட்ரீட்மென்ட் காரணமே இல்லை. விதை, மண், வெயில், கைத்தவறு எல்லாம் சேர்ந்தது அது. முதல் சிதறல் இந்த இயல்பான சிதறலைவிடப் போதுமான அளவு பெரிதாக இருந்தால்தான் ட்ரீட்மென்ட் ஏதோ செய்திருக்கிறது என்று பேச இடம் உண்டு. எஃப் என்பது அந்த இரண்டின் விகிதம். ஆகவே அனோவாவுக்கு வரைகிற படத்தில் இரண்டு சிதறலும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். நான் எந்தப் படத்தையும் இதை வைத்துத்தான் எடைபோடுவேன்.

உங்கள் தரவு என்னிடம் இல்லை. அதே அமைப்பில் ஒரு தரவு ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளுடனேயே வருகிறது, பிளான்ட்குரோத் என்று பெயர். ஒரு கன்ட்ரோல் (எதுவும் செய்யாத ஒப்பீட்டுக் குழு), இரண்டு ட்ரீட்மென்ட், தலா பத்துச் செடி, உலர் எடை. சராசரிகள்: கன்ட்ரோல் 5.03, முதல் ட்ரீட்மென்ட் 4.66, இரண்டாவது 5.53. குழுக்களுக்கு இடையிலான வர்க்கக் கூட்டு (விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டியது) 3.77, டிஎஃப் (டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம், சுதந்திரமாக மாறக்கூடிய மதிப்புகளின் எண்ணிக்கை) 2. குழுக்களுக்குள் 10.49, டிஎஃப் 27. எஃப் 4.85, மேலே சொன்ன தற்செயல் வாய்ப்பான பி மதிப்பு 0.016.

இதற்குப் பார் சார்ட் போட்டால் என்ன ஆகும்? பட்டை பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். 5.03, 4.66, 5.53 மூன்றும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கும். முப்பது செடிகளில் மிகவும் லேசான செடியே 3.59 எடை. அதாவது ஒவ்வொரு பட்டையிலும் பெரும்பகுதி, ஒரு செடிகூட இல்லாத இடத்தில் பூசிய மை. வித்தியாசம் தெரியட்டும் என்று அச்சை 4இலிருந்து தொடங்கினால் முதல் ட்ரீட்மென்டின் பட்டை 0.66 உயரம், இரண்டாவதன் பட்டை 1.53 உயரம். இரண்டு மடங்குக்கும் மேல் எடை கூடிவிட்டதுபோல ஒரு பொய்த் தோற்றம். இப்படியும் தவறு, அப்படியும் தவறு. நீளத்தால் பேசுகிற படத்துக்கு இந்தக் கேள்வி பொருந்தவில்லை.

இதே முப்பது எண்களையும் முப்பது புள்ளிகளாக வையுங்கள். குழுவுக்கு ஒரு வரிசை, சராசரிக்கு ஒரு சிறு கோடு. புள்ளிகள் ஒன்றின்மேல் ஒன்று விழாதபடி பக்கவாட்டில் லேசாக நகர்த்திக்கொள்ளலாம். உடனே ஒன்று கண்ணில் படும். முதல் ட்ரீட்மென்டில் எட்டுச் செடிகள் 3.59க்கும் 4.89க்கும் இடையில் இருக்கின்றன. மீதி இரண்டு மட்டும் 5.87, 6.03 என்று தனியாக மேலே நிற்கின்றன. அந்த இரண்டை விட்டுவிட்டுப் பார்த்தால் மற்ற எட்டின் சராசரி 4.34தான். 4.66 என்ற சராசரியைச் சுற்றிச் செடிகள் குவிந்திருப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம், உண்மையில் பத்தில் ஐந்து செடிகள் 4.41 அல்லது அதற்கும் குறைவு. அந்த இரண்டு செடிகளையும் நீக்கச் சொல்லவில்லை, காரணமில்லாமல் நீக்கவே கூடாது. தொட்டி மாறியதா, ஓரத்தில் இருந்ததால் வெயில் கூடுதலாகக் கிடைத்ததா, எழுதும்போது குழு மாறிவிட்டதா என்று குறிப்பேட்டைத் திருப்பிப் பார்க்க வேண்டிய இடம் அது. பார் சார்ட் போட்டவருக்கு இந்தக் கேள்வியே எழாது.

பாக்ஸ் பிளாட் போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். குழுவுக்கு ஐம்பது, நூறு மதிப்புகள் இருந்தால் தாராளமாகப் போடுங்கள். பத்து மதிப்புக்குப் போட்டால் ஐந்து எண்களாகச் சுருங்கிவிடும். மூன்று, நான்கு ரெப்ளிகேஷன் (ஒரே ட்ரீட்மென்டைத் திரும்பச் செய்வது) மட்டுமே உள்ள வயல் பரிசோதனைக்கு அது சரிப்படவே படாது, நான்கு எண்ணை ஐந்து எண்ணால் சுருக்குவதில் அர்த்தமில்லை. தவிர, பெட்டியின் நடுக்கோடு இடைநிலை அளவு. அனோவா ஒப்பிடுவதோ சராசரி. போட்டே ஆக வேண்டும் என்றால் பெட்டியை வெளிர் நிறத்தில் போட்டு, புள்ளிகளையும் சராசரியையும் அதன் மேலே வையுங்கள்.

சரி, புள்ளிப் படம் தரவைக் காட்டுகிறது. அனோவாவையே காட்டுகிற படம் உண்டா? உண்டு. எனக்கு மிகவும் பிடித்த படம் அது, பலருக்குத் தெரியாமலே இருக்கிறது. புள்ளியியலாளர் ஜார்ஜ் பாக்ஸும் அவருடன் பணிபுரிந்தவர்களும் பரப்பிய முறை. கையாலேயே வரையலாம்.

ஒவ்வொரு செடியின் எடையிலிருந்தும் அதன் குழுச் சராசரியைக் கழியுங்கள். கிடைக்கும் முப்பது மீதிகளையும் ஒரு கோட்டில் புள்ளிகளாக வையுங்கள். பிளான்ட்குரோத்தில் அவை −1.07 முதல் +1.37 வரை பரவுகின்றன. இது இயல்பான சிதறல். அப்புறம் ஒவ்வொரு குழுச் சராசரியிலிருந்தும் மொத்தச் சராசரி 5.073ஐக் கழியுங்கள்: −0.041, −0.412, +0.453. இவற்றை அப்படியே அந்தக் கோட்டுக்கு மேலே வைத்தால் ஒப்பீடு நியாயமாக இருக்காது. பத்துச் செடிகளின் சராசரி ஒற்றைச் செடியைவிட இயல்பாகவே குறைவாகத்தான் ஆடும். அதனால் மீதியின் டிஎஃப்பை ட்ரீட்மென்டின் டிஎஃப்பால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, அந்த எண்ணால் பெருக்க வேண்டும். 27ஐ 2ஆல் வகுத்தால் 13.5, வர்க்கமூலம் 3.67. பெருக்கினால் −0.15, −1.51, +1.66. இந்த மூன்றையும் மேல் வரிசையில், அதே அளவுகோலில் வையுங்கள்.

இப்போது பாருங்கள். கீழே முப்பது மீதிகள் −1.07க்கும் 1.37க்கும் இடையில். மேலே கன்ட்ரோல் ஏறக்குறைய நடுவில். இரண்டு ட்ரீட்மென்டுகளும் கீழ்க்கூட்டத்தின் இரண்டு விளிம்புகளையும் தாண்டி வெளியே. ட்ரீட்மென்டால் எந்த மாற்றமும் இல்லை என்றால் மேல் வரிசைப் புள்ளிகளும் கீழ்க்கூட்டத்தின் பரவலுக்குள்ளேயே விழுந்திருக்கும். வெறும் தற்செயலால் அவை இவ்வளவு தூரம் போயிருக்குமா? கொஞ்சம் சந்தேகம்தான் என்று கண் சொல்கிறது. 0.016 என்ற பி மதிப்பு சொல்வதும் அதுவே.

இந்தப் படம் வெறும் தோராயம் இல்லை. குழுக்கள் சம அளவில் இருந்தால், மேல் வரிசைப் புள்ளிகளின் வர்க்கங்களுக்குச் சராசரி எடுத்து, கீழ் வரிசைப் புள்ளிகளின் வர்க்கச் சராசரியால் வகுத்துப் பாருங்கள்: 1.695ஐ 0.350ஆல் வகுத்தால் 4.85க்கு அருகில் வரும். அட்டவணையில் உள்ள அதே எஃப். நான் முதன்முதலில் இதைக் கையால் போட்டுச் சரிபார்த்தபோது அடைந்த மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது. அதுவரை எஃப் எனக்கு அட்டவணையின் கடைசிப் பத்தியில் வருகிற ஓர் எண் மட்டும்தான். எக்ஸெலில் பத்து நிமிட வேலை. ஆர் பயன்படுத்துபவர்களுக்கு இதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது. காரணிகள் அதிகமாக இருந்தால் காரணிக்கு ஒரு வரிசையாக மேலே மேலே அடுக்கிக்கொண்டே போகலாம். அட்டவணையின் ஒவ்வொரு வரியும் படத்தில் ஒரு வரியாக நிற்கும்.

அடுத்தது எர்ரர் பார். ஆய்வேடுகளில் குழப்பம் அதிகமாக இருப்பது இங்கேதான். சராசரியின் மேலும் கீழும் நீட்டுகிற அந்தக் கோடு என்ன என்று பாதிப் படங்களில் எழுதியே இருக்காது. பிளான்ட்குரோத்தில் மூன்று குழுவுக்கும் பொதுவான திட்ட விலக்கம் 0.62. சராசரியின் திட்டப் பிழை 0.20. 95 சதவீத நம்பிக்கை இடைவெளி என்றால் ±0.40. ஒரே தரவு, மூன்று நீளம். எதைப் போட்டீர்கள் என்று சொல்லாவிட்டால் படிப்பவர் தனக்குத் தோன்றியதை எடுத்துக்கொள்வார்.

எதைப் போட்டாலும் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. எல்லோரும் கோடுகள் ஒன்றையொன்று தொடுகின்றனவா என்றுதான் பார்க்கிறார்கள். தொட்டால் வித்தியாசம் இல்லை, தொடாவிட்டால் உண்டு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். 95 சதவீத இடைவெளிக்கு இந்த விதி பொருந்தாது. இதே தரவில் இரண்டு சராசரிகளுக்கு இடையே 0.70 வித்தியாசம் இருந்தால் ±0.40 கோடுகள் தொட்டுக்கொள்ளும். ஆனால் இங்கே சி.டி. (கிரிட்டிகல் டிஃபரன்ஸ், இரண்டு சராசரிகள் வேறு என்று சொல்லத் தாண்ட வேண்டிய வித்தியாசம்) மதிப்பு 0.57. நம் வேளாண் ஆய்வேடுகளில் அட்டவணைக்கு அடியில் எஸ்.இ.டி. (வித்தியாசத்தின் திட்டப் பிழை), சி.டி. என்று இரண்டு வரி எழுதுவோமே, அதே சி.டி.தான். வித்தியாசம் அதைத் தாண்டிவிட்டது, படமோ தாண்டவில்லை என்கிறது.

கண் எப்படியும் அப்படித்தான் பார்க்கும் என்றால், அதற்கேற்ற கோட்டைப் போட்டுவிடலாம். ஒவ்வொரு சராசரிக்கும் மேலும் கீழும் சி.டி.யில் பாதி, அதாவது ±0.286 நீளம் போடுங்கள். சம ரெப்ளிகேஷன் இருக்கும்போது, வித்தியாசம் சி.டி.யைத் தாண்டினால் மட்டுமே கோடுகள் தொடாமல் விலகி நிற்கும். எல்லா ஜோடிகளையும் ஒப்பிடுவதாக இருந்தால், அதற்கென்று புள்ளியியலாளர் ஜான் டூக்கி தந்த முறைக்கு உரிய மதிப்பு 0.691, அதில் பாதி ±0.346. எது என்று படத்தின் கீழே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

இதைவிட நேரடியான வழி, வித்தியாசங்களையே வரைவது. சராசரியைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபாடு என்பதுதானே கேள்வி? பூஜ்யத்தில் ஒரு செங்குத்துக் கோடு போடுங்கள். ஜோடிக்கு ஒரு வரி. இரண்டாவது ட்ரீட்மென்டுக்கும் முதலாவதுக்கும் வித்தியாசம் 0.87, டூக்கி இடைவெளி 0.17 முதல் 1.56 வரை, பூஜ்யத்தைத் தொடவில்லை. இரண்டாவதுக்கும் கன்ட்ரோலுக்கும் 0.49, இடைவெளி −0.20 முதல் 1.19 வரை. முதலாவதுக்கும் கன்ட்ரோலுக்கும் −0.37, இடைவெளி −1.06 முதல் 0.32 வரை.

இந்தப் படத்தில் வெளியே வருகிற உண்மையைக் கவனியுங்கள். எஃப் சிக்னிஃபிகன்ட். ஆனால் கன்ட்ரோலைவிட எந்த ட்ரீட்மென்டும் தெளிவாக வேறுபடவில்லை. இரண்டு ட்ரீட்மென்டுகளும் தங்களுக்குள்தான் வேறுபடுகின்றன. விவசாயிக்குப் பரிந்துரை எழுதுகிறவருக்கு இது பெரிய விஷயம். அதோடு, கன்ட்ரோலுக்கும் இரண்டாவதுக்கும் உள்ள இடைவெளி 1.19 வரை நீள்கிறது. வித்தியாசம் இல்லை என்று நிரூபணமாகவில்லை, கணிசமான எடைக் கூடுதல்கூட இருக்கலாம், பத்துச் செடி அதைச் சொல்லப் போதவில்லை. எழுத்து முறையில் இதெல்லாம் கன்ட்ரோல் ஏபி, முதலாவது ஏ, இரண்டாவது பி என்று முடிந்துவிடும். எழுத்து ஆம், இல்லை என்று மட்டும் சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. பதினைந்து ரகங்களை ஒப்பிடும்போது நூற்றைந்து ஜோடி வரும், அங்கே வித்தியாசப் படம் தாங்காது. அங்கே எழுத்துப் போடலாம், ஆனால் புள்ளிப் படத்தின் ஓரத்தில் துணைக்கு.

இரண்டு காரணிகள் இருக்கும்போதுதான் படம் இல்லாமல் அனோவாவைப் படிப்பது உண்மையிலேயே ஆபத்து. ஆருடன் வரும் இன்னொரு தரவு டூத்குரோத். அறுபது கினிப் பன்றிகளுக்கு வைட்டமின் சி கொடுத்து, பல் வளர்ச்சிக்குக் காரணமான செல்களின் நீளத்தை அளந்தார்கள். ஆரஞ்சுச் சாறாகவோ அஸ்கார்பிக் அமிலமாகவோ கொடுத்தார்கள், நாளுக்கு 0.5, 1, 2 மில்லிகிராம் என மூன்று டோஸ். அட்டவணையில் கொடுத்த விதம், டோஸ் இரண்டும் பலமான சிக்னிஃபிகன்ட். இடைவினையின் (ஒரு காரணியின் விளைவு மற்றதைப் பொறுத்து மாறுவது) எஃப் 4.11, பி 0.022. இதைப் பார்த்து, ஆரஞ்சுச் சாறு சராசரியாக 3.70 கூடுதல் வளர்ச்சி தந்தது என்று எழுதத் தோன்றும்.

கிடையச்சில் டோஸ், செங்குத்தில் நீளம், கொடுத்த விதத்துக்கு ஒரு கோடு என்று வரையுங்கள். ஆரஞ்சுச் சாறு 13.23, 22.70, 26.06 என்று போகிறது. அமிலம் 7.98, 16.77, 26.14. முதல் இரண்டு டோஸிலும் கோடுகளுக்கு இடையே உள்ள தூரம் 5.25, 5.93. மூன்றாவதில் இரண்டு கோடும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்துவிடுகின்றன. 3.70 என்பது எந்த டோஸிலும் நடக்காத ஒன்று. குறைந்த டோஸில் எந்த வடிவில் கொடுக்கிறோம் என்பது முக்கியம், 2 மில்லிகிராமில் அது பொருட்டே இல்லை. இந்த ஒரு வாக்கியம்தான் பரிசோதனையின் முடிவு, அது கோடுகளின் வடிவத்தில் இருக்கிறது. லாக் எடுத்தாலும் இந்தக் கோடுகள் இணையாகிவிடாது என்பதையும் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். சில இடைவினைகள் அளவுகோலை மாற்றியதும் மறைந்துபோகும், இது அந்த வகை இல்லை. இடைவினைப் படத்திலும் வெறும் கோடுகளை விட்டுவிடாமல் பின்னால் தனித்தனிப் புள்ளிகளை வெளிர் நிறத்தில் வையுங்கள். சிதறல் தெரியாமல் இரண்டு கோடுகள் குறுக்கே வெட்டிக்கொண்டால் அது செய்தியா, இரைச்சலா என்று சொல்ல முடியாது.

வயல் பரிசோதனை என்றால் பெரும்பாலும் ஆர்.பி.டி. போட்டிருப்பீர்கள், அதாவது வயலைப் பிளாக்குகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் எல்லா ட்ரீட்மென்டையும் குலுக்கி வைத்திருப்பீர்கள். அப்போது வெறும் புள்ளிப் படத்தில் பிளாக் வித்தியாசமும் கலந்து, சிதறல் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். ஒரே பிளாக்கின் புள்ளிகளை மெல்லிய கோட்டால் இணைத்துவிடுங்கள். வாய்க்கால் பக்கத்துப் பிளாக் மொத்தமாக மேலே ஓடும், மேட்டுப் பிளாக் கீழே ஓடும். கோடுகள் ஏறத்தாழ இணையாக ஏறி இறங்கினால் ட்ரீட்மென்ட் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வேலை செய்திருக்கிறது என்று பொருள்.

மீதிகளை இரண்டு விதமாக வரைந்து பார்க்காமல் அட்டவணையை நம்ப வேண்டாம். குழுச் சராசரிக்கு எதிராக ஒன்று, அளந்த வரிசைக்கு எதிராக ஒன்று. முதலாவது புனல்போல விரிந்தால் சராசரி கூடக்கூடச் சிதறலும் கூடுகிறது. பூச்சி எண்ணிக்கை, களை எண்ணிக்கை போன்றவற்றில் இது அடிக்கடி வரும், வர்க்கமூலமோ லாக்கோ எடுத்துவிட்டு மறுபடி அனோவா போட வேண்டும். இரண்டாவதில் ஏற்றமோ இறக்கமோ தெரிந்தால் தராசையும் அளந்த நாளையும் விசாரியுங்கள். இந்தப் படங்கள் ஆய்வேட்டில் வர வேண்டும் என்பதில்லை, உங்கள் மேசையில் இருந்தால் போதும்.

இத்தனை வலியுறுத்துவதற்கு ஒரு பழைய கதைதான் காரணம். அமெரிக்காவின் மினசோட்டாவில் 1930களின் தொடக்கத்தில் ஒரு பார்லி ரகப் பரிசோதனை நடந்தது. ஆறு இடம், பத்து ரகம், 1931, 1932 என இரண்டு ஆண்டு. 120 விளைச்சல் எண்கள். இம்மர் முதலியோர் 1934இல் வெளியிட்டார்கள். இங்கிலாந்தின் ராதாம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் அனோவாவை உருவாக்கிய ரொனால்ட் ஃபிஷரே 1935இல் அதில் ஒரு பகுதியை எடுத்தாண்டார். பிறகு பல பத்தாண்டுகள் பலர் அந்த எண்களை வைத்து அனோவா போட்டார்கள், முறைகளைச் சோதித்தார்கள். 1990களில் பெல் ஆய்வகத்தின் வில்லியம் கிளீவ்லேண்ட் அதை எளிய புள்ளிப் படமாக வரைந்தார்: இடத்துக்கு ஒரு கட்டம், ரகத்துக்கு ஒரு வரி, ஆண்டுக்கு ஒரு குறி. ஐந்து கட்டங்களில் மொத்தத்தில் 1931 விளைச்சல் அதிகம். மாரிஸ் என்ற ஓர் இடத்தில் மட்டும் தலைகீழ். வித்தியாசத்தின் அளவு மற்ற இடங்களைப் போலவே, திசை மட்டும் எதிர். அந்த இடத்தின் இரண்டு ஆண்டுகளும் இடம் மாறி எழுதப்பட்டிருக்கலாம் என்றார் அவர்.

அட்டவணையில் இடம், ஆண்டு இடைவினை பெரிய எஃப்போடுதான் நின்றிருக்கும். எந்த இடம், எந்தத் திசை என்பது அந்த எண்ணுக்குள் இல்லை. கதை அங்கே முடியவும் இல்லை. 2013இல் கெவின் ரைட் மற்ற ஆண்டுகளின் விளைச்சலையும் வானிலையையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, இது பிழையாக இல்லாமல் இயல்பான மாறுபாடாகவே இருக்கலாம் என்று வாதிட்டார். எனக்கு அவர் வாதம் ஏற்புடையதாகவே படுகிறது. கேள்வி எழும்பியது படத்தால், பதில் தேட வேண்டியிருந்தது பழைய பதிவேடுகளில்.

உங்கள் ஆய்வேட்டுக்கு இரண்டு படம் போதும். இடப்பக்கம் முப்பது புள்ளிகளும் மூன்று சராசரிகளும். வலப்பக்கம் மூன்று வித்தியாசங்களும் இடைவெளிகளும். பாக்ஸின் படத்தை வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) காட்ட ஒரு தாளில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பார் சார்ட் கட்டாயம் என்று வழிகாட்டி சொன்னால் அதையும் போட்டு, பட்டைமேல் புள்ளிகளை வையுங்கள், யாரும் மறுக்கமாட்டார்கள். அடிக்குறிப்பு இப்படி இருக்கட்டும்: "ஒவ்வொரு புள்ளியும் ஒரு செடி, குழுவுக்கு 10. கிடைக்கோடு குழுச் சராசரி. வலப்பக்க இடைவெளிகள் டூக்கி முறையில் 95 சதவீதம், பொதுவான மீதி மாறுபாடு 0.389, டிஎஃப் 27."